முடிச்சாச்சு

“நீர் இதை முழுக்க வாசிச்சனீரோ?”

நான் திருப்பிக் கொண்டுபோன முதல் புத்தகத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு வாசிகசாலை ஐயா கேட்ட கேள்வி இது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த புத்தகத்தை ஞாயிறு காலை கொண்டுபோயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் இரண்டு மாதம் வைத்திருந்த புத்தகத்தைக் கொடுத்தார். அவரிடம் ஐயா “உடம்பு சுகமோ?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவரிடமும் வேறொன்றும் கேட்கவில்லை.

“ஓம் ஐயா, முழுக்க வாசிச்சனான்.”

“அப்ப சொல்லும் பாப்பம்.”

அது ஒரு துப்பறியும் நாவல், மொழிபெயர்ப்பு. மேசைக்கு முன்னால் ஒரு கதிரை சும்மா கிடந்தது. இரும் என்று அவர் சொல்லவில்லை. நின்றபடியே முக்கால் மணித்தியாலம் சொன்னேன். யார் செத்தது, யார் கொன்றது, கொலைகாரனை நான் எந்த இடத்தில் பிடித்தேன், எல்லாம். அந்த வீட்டில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், வேலைக்காரிக்கு மட்டும் உண்மை தெரியும், துப்பறிபவர் கடைசிவரை அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் புத்தகம் ஐம்பதாம் பக்கத்தில் முடிந்திருக்கும் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். ஒரு டயறியை எடுத்து ஏதோ குறித்தார். “பரவாயில்லை” என்று சொல்லி அடுத்த புத்தகத்தைத் தந்தார்.

அதை நான் ஒரு பரீட்சை என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். பரீட்சை எனக்குப் பயமில்லை. ஒவ்வொரு கிழமையும் அந்த மேசைக்கு முன்னால் நின்று சித்தியடைந்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். எனக்கு அவருடைய புள்ளி தேவைப்பட்டதைவிட அவருக்கு என் விடை தேவைப்பட்டது என்பது விளங்க நாலு வருடம் எடுத்தது.

அவர் புங்குடுதீவில் எங்கள் பக்கத்து வாசிகசாலையின் தலைவர். தெற்கே ஒரு பட்டினத்தில் குடும்பத்தோடு கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை போன பிறகு ஊருக்கு வந்து, பிறகு எல்லோரையும் போல இடம்பெயர்ந்து, திரும்பி வந்தவர். பிள்ளைகள் கனடாவில். வாசிகசாலையின் இரண்டு பச்சை அலுமாரிகளின் சாவியும் அவருடைய வேட்டி மடிப்புக்குள்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஊர்க்காரர் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்புவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கில நாவல்கள், யாரோ வாங்கித் திறக்காமல் விட்ட தமிழ்ப் புத்தகங்கள், ஒரு வைத்தியரின் வாழ்க்கைக் கதை, வானத்தைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். எல்லாவற்றுக்கும் பழைய கலண்டர் தாளில் அட்டை போடுவார். மடிப்பு விழாத அட்டை.

மாதத்தின் முதல் ஞாயிறு வாசிகசாலையில் ஒரு கூட்டம் நடக்கும். ‘அண்மையில் முடித்தவை’ என்று அதற்கு அவர்தான் பெயர் வைத்தார். இருபது பேர் வருவார்கள். ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வந்து நின்றால் ஐம்பதும் வரும். அவர் நடுவில் இருப்பார். முன்னால் நாலைந்து புத்தகங்கள். ஒன்றைத் தூக்கி, உள்ளங்கையால் அட்டையில் ஒரு தட்டுத் தட்டி, “முடிச்சாச்சு” என்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

குரல் நல்ல குரல். அதை நான் மறைக்கப்போவதில்லை. கதையை எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கடைசிக் கதிரையில் கண்ணயர்ந்து கிடக்கும் கிழவர்கூட அந்த இடத்தில் தலையை நிமிர்த்திவிடுவார்.

யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் யாராவது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னாலும் போதும், முன் இருக்கையிலிருந்து “அது முடிச்சாச்சு” என்று வரும். ஒருமுறை வாசிகசாலைச் செயலாளர், அந்த நேரத்தில் வாயில் வந்த பெயரொன்றைச் சொல்லி, “அண்ணை, உந்த நாவல் பாத்தனீங்களோ?” என்று கேட்டார். அப்படி ஒரு நாவல் உலகத்திலேயே இல்லை.

“அது போன வருசமே முடிச்சாச்சு. கடைசி கொஞ்சம் இழுபட்டுப்போச்சு.”

அவர் எழுந்து போனபிறகு நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் ஒருவரும் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலத்தைத் தோண்டினால் உவர்த்தண்ணீர்தான். நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு சில வளவுகளில்தான் உண்டு. அவர் வீட்டு வளவில் ஒன்று இருந்தது. அம்மா அந்த வீட்டு முற்றம் கூட்டப் போனாள். கூட்டி முடித்தால் இரண்டு பிளாஸ்டிக் கான் தண்ணீர் கொண்டுவரலாம். என் காலத்தில் அம்மாவே வாளியைப் போட்டு அள்ளினாள். அம்மா சிறுமியாக இருந்தபோது அதுவும் இல்லை. கிணற்றடிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். அந்த வீட்டில் யாருக்காவது நேரம் கிடைத்தால் வந்து அள்ளி ஊற்றுவார்கள். நேரம் கிடைக்காவிட்டால் வெறுங்குடத்தோடு வர வேண்டும்.

ஒரு கூட்டத்தில் அவர் பெருமையாகச் சொன்னார்: “எங்கட கிணத்துத் தண்ணி குடிக்காத சனம் உந்தப் பக்கத்தில இல்லை.”

நான் வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா உலைமூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “குடிச்சனாங்கள்தான். சின்னனில அள்ள விட்டதில்லை.”

அவர் வாசிக்கத் தெரியாதவர் அல்ல. ஒரு மழை நாள் வாசிகசாலையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அன்றைக்கு அவர் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அட்டை கிழிந்த ஒரு சிங்கள நாவலை எடுத்தார். அதற்கு மட்டும் கலண்டர் தாள் போட்டிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சிங்களத்தைக் கண்ணால் பார்த்துத் தமிழை வாயால் சொன்னார். இடையில் எங்கும் தடங்கவில்லை. வயலில் தண்ணீர் திறந்துவிடப் போன ஒரு மனிதன் தன் தம்பியை அங்கே காண்கிற இடம். இரண்டு பக்கம்தான். என் கை மயிர் நிமிர்ந்தது.

“பக்கத்துக் கடை முதலாளியிட்ட வாசிக்க வாங்கினது” என்றார். “அடுத்த கிழமை எங்கட கடை எரிஞ்சுபோச்சு. ஓடி வரேக்க பைக்குள்ள இது கிடந்தது. திருப்பிக் குடுக்க ஏலாமல் போச்சு.”

தான் முடித்த எல்லாப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அவர் பென்சிலால் திகதி எழுதுவார். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். திகதி இல்லை. பக்கங்களோ புரட்டிப் புரட்டித் துணிபோல ஆகியிருந்தன.

“இது முடிக்கேல்லையோ ஐயா?”

“உந்தக் கதையை விடும்” என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் நான் பல்கலைக்கழகத்தில் சிங்கள வகுப்புக்குப் போனேன். இன்றைக்கு அலுவலகத்தில் சிங்களக் கடிதம் வந்தால் என் மேசைக்குத்தான் வருகிறது. இதை அவருக்கு நான் கடன்பட்டது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அதைச் சொல்லி என் கோபத்தைக் குறைக்க வரவேண்டாம்.

பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகும் கிழமை முடிவில் ஊருக்கு வந்தால் நேரே வாசிகசாலைக்குத்தான் போவேன். ஆங்கிலமும் சிங்களமும் மெல்ல மெல்லப் பிடிபட்டதும் அவர் எனக்குத் தரும் புத்தகங்களும் மாறின. மற்றவர்களுக்கு ஒன்று, எனக்கு மூன்று. அதையும் பெருமையாகத்தான் எடுத்தேன். ஒருமுறை சிங்களச் சிறுகதைத் தொகுதி ஒன்று. அதில் ஒரு தாய், சீல் வைத்த பெட்டியில் வந்த படைவீரனான தன் மகனுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள். உள்ளே இருப்பது தன் பிள்ளைதானா என்று அவளுக்குத் தெரியாது. அதைப் பற்றி அவரிடம் சொன்னேன்: “எனக்கு அந்தத் தாய்க்காக அழ விருப்பமில்லை ஐயா. அவவின்ர மகன் ஆர், எங்க நிண்டவன் எண்டு எனக்குத் தெரியும்தானே. புத்தகத்தை மூடி வைச்சுப்போட்டுப் போனனான். பேந்து வந்து அழுதனான். அழுததுக்கும் கோவம் வந்தது.”

அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் அந்தத் தொகுதியைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார். முடிச்சாச்சு. பிறகு சொன்னார்: “எனக்கு அந்தத் தாய்க்காக அழ விருப்பமில்லை. புத்தகத்தை மூடி வைச்சிட்டன்.” இந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். “பேந்து வந்து அழுதன். அழுததுக்கும் கோவம் வந்தது.”

சபை கைதட்டியது.

நான் பின்னால் யன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்தது. என் வசனம் அந்தக் குரலில் வருகிறது, அத்தனை பெரிய மனிதர்கள் கைதட்டுகிறார்கள் என்று உள்ளுக்குள் துள்ளினேன். இப்போது அதை நினைக்கும்போதுதான் அவர்மேல் வருகிற கோபம் பாதி வழியில் திரும்பி என்மேல் வருகிறது.

மூன்று தரம் அவரிடம் கேட்டேன். முதல் தரம், “ஐயா, வாற மாசம் நான் ஒரு புத்தகம் சொல்லட்டோ?”

“பாப்பம். இன்னும் கொஞ்சம் வாசியும்.”

அடுத்த வருடம் கேட்டபோது, “சபையில கதைக்கிறதெண்டால் ஒரு பழக்கம் வேணும் பிள்ளை” என்றார். மூன்றாம் தரம் செயலாளரும் பக்கத்தில் நின்றார். “அவளும் சொல்லட்டுமன் அண்ணை, நல்லாக் கதைப்பாள்” என்று அவர் எனக்காக ஒரு வார்த்தை போட்டார்.

“ஏன், நீர் கூட்டத்துக்குத் தேத்தண்ணி குடுக்கிறீர்தானே. அதுவும் பங்குதான்.”

தலைவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

இடையில் ஒருநாள் அந்த வானத்தைப் பற்றிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சில் திகதி இருந்தது, மூன்று வருடத்துக்கு முந்தியது. கப்பலில் வந்து, உப்புக்காற்றில் கிடந்த புத்தகங்களில் வழுவழுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் முப்பது பக்கமளவில் அப்படி ஒட்டிக் கிடந்தன. ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, கிழியாமல் மெல்ல மெல்லப் பிரித்தேன். ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. ஒவ்வொரு தாளும் பிரியும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்தப் பக்கங்களை அச்சடித்த நாளிலிருந்து முதலில் பார்த்த கண் என்னுடையது. அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் அதற்கு முன்பே ஒரு மணித்தியாலம் பேசியிருந்தார்.

அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். “நீர் இதை முழுக்க வாசிச்சனீரோ?” என்று வழக்கம்போலக் கேட்டார். நீங்கள்? என்று கேட்க ஒரு சொல்தான் வேண்டும். நாக்கு வரை வந்தது. சொல்லாமல் விழுங்கிவிட்டு, நின்றபடி நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னேன்.

கடைசியாக ஒரு குளிர்நாட்டு நாவல். ஆங்கிலத்தில் வாசித்தேன். அதில் ஒரு பெண், கல்யாணமாகிப் பதினாறு வருடம். புருசன் அடிப்பதுமில்லை, ஏசுவதுமில்லை. அவன் இருக்கிறான், அவ்வளவுதான். ஒரு காலையில் அவள் குசினிக்குள் வந்து குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள். யன்னலுக்கு வெளியே பனி. அவள் பாத்திரத்தை எடுக்கவில்லை, கையைக் கழுவவில்லை. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. இன்னும் நூறு பக்கம் தாண்டித்தான் அவள் அவனை விட்டுப் போகிறாள்.

“அவ போறது எனக்கு அந்தக் குழாயிலயே தெரியும் ஐயா” என்று அவரிடம் சொன்னேன். “நல்ல தண்ணி. சும்மா ஓடுது. அவ பாத்துக்கொண்டு நிக்கிறா. அப்பிடி ஒரு மனுசி தண்ணியை ஓட விடுறாவெண்டால் அந்த வீட்டில அவவுக்கு இனி ஒண்டும் மிச்சமில்லை. எல்லாத்தையும் ஊத்திப்போட்டா. பேந்து பெட்டி கட்டினதெல்லாம் சும்மா வேலை.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நல்லாச் சொன்னீர்” என்றார். அப்படி ஒரு சொல்லை அவரிடமிருந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அது ஆவணி மாதம். கூட்டத்துக்கு ஐம்பது பேருக்கு மேல். நோர்வேயிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார், முப்பது வருடமாக அங்கே இருப்பவர். தலைவர் நாவலைத் தூக்கினார், தட்டினார், முடிச்சாச்சு என்றார். குழாய்க்கு வந்தார். “அவள் போகப்போறாள் எண்டு எனக்கு அந்தக் குழாயிலயே விளங்கியிட்டுது. தண்ணியை இல்லை, பதினாறு வருசத்தை ஊத்திவிடுறாள்” என்றார். பதினாறு வருசத்தை ஊற்றியது மட்டும் அவருடைய சேர்க்கை. நல்ல சேர்க்கைதான். சனம் தலையாட்டியது.

நோர்வே அக்கா கையை உயர்த்தினார். “ஐயா, குறை நினைக்காதேங்கோ. நான் இந்த நாவலை அங்கத்தைய மொழியில வாசிச்சனான். அங்க காலமையில குழாயைத் திறந்தால் முதல்ல பச்சைத்தண்ணிதான் வரும். சுடுதண்ணி வருமட்டும் எல்லாரும் அப்பிடித்தான் திறந்துபோட்டு நிக்கிறது. நானும் நிக்கிறனான். அதில கோவமும் இல்லை, பிரியிறதும் இல்லை.”

சபை சிரித்தது. மோசமான சிரிப்பு அல்ல. தலைவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, “ஓ, அப்பிடியோ” என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவரால் அது ஏலாது. ஒரு விசயம் தெரியாது என்று அவர் சொல்லி அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கையை நீட்டிப் பின்னால் என்னைக் காட்டினார். என் கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது.

“உது நான் சொன்னதில்லை. உதில நிக்கிற பிள்ளை சொன்னது. உவையளுக்குத் தண்ணியெண்டால் அப்பிடித்தானே தெரியும்.”

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சிலர் சிரிக்கவில்லை. சிலர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

சீல் வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தாய்க்காக அழுதபோது அது அவருடைய கண்ணீர். ஒட்டிக் கிடந்த தாள்களிலிருந்து நான் ஈர்க்கால் கிளப்பிய நட்சத்திரங்கள் அவருடையவை. பிழை என்றதும் அது என்னுடையது. என்னுடையது மட்டுமல்ல, “உவையளுடையது”, எங்கள் சனம் எல்லோருடையதும். வெறுங்குடத்தோடு கிணற்றடிக்கு வெளியே நின்ற அம்மாவையும் அந்த ஒரு சொல்லுக்குள் வைத்துச் சபைக்கு முன்னால் ஊற்றினார். ஒரு குழாயைப் பார்த்து நான் நினைத்ததை அவர் தன் வாழ்க்கையில் ஒருநாளும் நினைத்திருக்க முடியாது. அவர் தண்ணீருக்குக் காத்து நின்றவர் அல்ல. அதனால்தான் அவருக்கு அது அவ்வளவு பிடித்தது. அதனால்தான் அதை அவ்வளவு லேசாக எறியவும் முடிந்தது.

தட்டைக் கீழே வைத்தேன். “ஓம். நான்தான் சொன்னது” என்றேன். இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. “பிழையெண்டாலும் என்ர.”

நோர்வே அக்கா அவசரமாகத் திரும்பினார். “நான் பிழையெண்டு சொல்லேல்லைத் தங்கச்சி...”

“சரி, சரி, அது கிடக்கட்டும்” என்றார் தலைவர். அடுத்த புத்தகத்தைத் தூக்கினார். வைத்தியரின் வாழ்க்கைக் கதை. தட்டினார். “முடிச்சாச்சு.” அதையும் போன மாதம் நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். வாசலுக்குப் போகும்வரை என் முதுகுக்குப் பின்னால் என் வசனங்கள் அவருடைய குரலில் வந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்: “பிள்ளையை வரச்சொல்லு. புதுப்பெட்டி வந்திருக்கு.” அம்மா விளக்குமாற்றை வைக்காமலே, “அவளுக்கு ஏலாதாம் ஐயா” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. மாதமுதல் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் அவர் பழைய புத்தகங்களையே திரும்பவும் முடித்தார். அடுத்தது நடக்கவில்லை. தலைவருக்குத் தொண்டை சரியில்லை என்று செயலாளர் பலகையில் எழுதிப் போட்டாராம்.

இரண்டு வருடத்துக்கு முதல் மகன் வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். போவதற்கு முதல்நாள் காலை எங்கள் வீட்டுப் படலை வாசலுக்கு வந்து நின்றார். அந்த வீட்டு ஆட்கள் எங்கள் படலைக்கு வந்தது அதுதான் முதல் தரம். மெலிந்திருந்தார். வெளிநாட்டுச் சப்பாத்தைப் பழக்கத்துக்குப் போட்டிருந்தார், அது கடித்திருக்க வேண்டும், காலை மாற்றி மாற்றி வைத்தார்.

“நீர் கெட்டிக்காரி” என்றார். “ஆனால் கோவக்காரி.”

எங்கள் வீட்டிலும் கதிரை இருந்தது. இருங்கோ என்று நான் சொல்லவில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார். அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் திரும்ப அந்தக் காலை வந்தாலும் சொல்லமாட்டேன்.

அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாகக் கேட்டாள், “அப்பிடி என்னதான் அந்தக் குழாய்க் கதை?” என்று. சொன்னேன். நான் நினைத்ததையும் சொன்னேன், நோர்வே அக்கா சொன்னதையும் சொன்னேன். அம்மா மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“சுடுதண்ணிக்கு நிண்டாவோ என்னவோ எனக்குத் தெரியாது. ஆனால் கோவமெண்டால் நான் குழாயை இறுக்கிப் பூட்டிப்போட்டுத்தான் போவன். பேந்து ஆர் நிரப்பிறது?”

அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட மூன்று கருத்திலும் இதுதான் சிறந்தது.

இப்போது எங்கள் ஒழுங்கைச் சந்தியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த்தாங்கி இருக்கிறது. ஞாயிறு காலை பவுசர் லொறி வந்து நிரப்பும். ஏழு மணிக்கு வரும் என்பார்கள், ஒன்பதும் ஆகும். அதுவரை கான்கள் வரிசையாகக் கிடக்கும், பெண்கள் அதற்குப் பக்கத்தில் நிற்போம். ஒரு ஞாயிறு, காத்திருந்த அலுப்பில் அந்தத் துப்பறியும் நாவலைச் சொல்லத் தொடங்கினேன். வேலைக்காரியிடம் ஒருவரும் கேட்கவில்லை என்று சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா, “கேட்டாலும் அவள் ஏன் சொல்லுறாள்? அவளுக்கு அடுத்த வேலை ஆர் குடுக்கிறது?” என்றார். நாலு வருடமாக வாசிகசாலையில் ஒருவரும் சொல்லாத ஒன்று. என் கையில் டயறி இல்லை. இருந்திருந்தால் அந்த அக்காவின் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது. யார் என்ன வாசித்தாரோ சொல்லலாம். முடிக்காதவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் கேட்ட கதையைச் சொல்லலாம், யாரிடம் கேட்டது என்று முதலில் சொல்லிவிட்டு. கதிரை இல்லை. கானைக் கவிழ்த்துப் போட்டு எல்லோரும் இருப்பதுதான்.

போன மாதம் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. அதே குரல், கொஞ்சம் காற்றுப் போயிருந்தது. “பிள்ளை, சுகமா இருக்கிறீரோ? இஞ்ச எங்கட ஆக்களுக்கு மாசம் ஒருக்கா சூமில புத்தகம் கதைக்கிறனான். நல்ல வரவேற்பு. இப்ப என்ன முடிச்சனீர்? ஒரு அஞ்சு நிமிசம் சொல்லி அனுப்பும்.”

என் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. பழக்கம். மூன்று வசனம் சொல்லியும்விட்டேன், புதிதாக வாசித்த ஒரு சிங்கள நாவலைப் பற்றி. பிறகு அழித்தேன். இரண்டு கிழமை பதில் போடவில்லை. அலுவலகத்தில், பஸ்ஸில், குசினியில் அந்த ஐந்து நிமிடம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நேற்றுக் காலை பொத்தானை அமத்திச் சொன்னேன்: “ஐயா, நான் சுகம். வாற ஞாயிறு காலமை, எங்கட நேரம் ஏழரைக்கு, தண்ணித் தாங்கியடியில எங்கட கூட்டம். அந்தக் குழாய் வந்த நாவலை நீங்கள் சொல்லுறீங்கள். போனில வாங்கோ. பத்து நிமிசம். பேந்து சனம் கேள்வி கேக்கும். முதல் கேள்வி என்ர: நீங்கள் அதை முழுக்க வாசிச்சனீங்களோ? ஒரு கிழமை இருக்கு. வாசியுங்கோ.”

கேட்டுவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

பின்னேரம் ஒரு தாளில் பேசுவோரின் பெயர்களை எழுதி, தாங்கியின் காலில் சோற்றுப்பசையால் ஒட்டிவிட்டு வந்தேன். முதலாவது அம்மாவின் பெயர். இரண்டாவது என்னுடையது. ஏழாவதாக அவருடையது, முழுப்பெயர், ஒரு எழுத்தும் குறையாமல்.